குன்னூரில் வாங்கிய ஐந்து பொட்டலத் தேயிலை: ஒரு மதிப்புரை

கடந்த பிப்ரவரி மாதம் குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில், தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டிவிட்டு வாசலிலேயே தேயிலையும் விற்கும் ஓரிடத்துக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நீலகிரியில் இத்தகைய இடங்கள் பல உள்ளன. நான் சொல்லப் போகும் நிறைகளும் குறைகளும் அவற்றில் பாதிக்காவது பொருந்தும். அங்கே டஸ்ட் தேயிலை அரைக் கிலோ 160 ரூபாய்க்கும், இலையைப் பொடியாக்காமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை 250 கிராம் 300 ரூபாய்க்கும், பச்சைத் தேயிலை 100 கிராம் 220 ரூபாய்க்கும், வெள்ளைத் தேயிலை 25 கிராம் 450 ரூபாய்க்கும், சாக்லேட் மணம் சேர்த்த தேயிலை 100 கிராம் 150 ரூபாய்க்கும் வாங்கினோம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, வெள்ளைத் தேயிலையின் விலை கிலோவுக்கு 18,000 ரூபாய், டஸ்ட் தேயிலையின் விலை கிலோவுக்கு 320 ரூபாய் என்று வந்தது. ஐம்பது மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு, ஒரே செடியிலிருந்து, சில நேரங்களில் ஒரே புதரிலிருந்தே, பறித்த இலைகளுக்கு இடையிலானது. தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கணக்கு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மூன்று வாரம் ஐந்தையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

முதலில் சுற்றிக்காட்டும் சேவையைப் பற்றி. தலைக்கு 50 ரூபாய் கட்டணம். அரை மணி நேரம். முடிவில் ஒரு சிறிய கோப்பைத் தேநீர் இலவசம். எங்களை அழைத்துச் சென்ற இளைஞர் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தடையின்றிப் பேசினார். கேட்ட கேள்விக்கு எரிச்சல்படாமல் பதில் சொன்னார். மாடியில் கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டிகளைக் காட்டியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பறித்து வந்த கொழுந்தில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்தான். அதைக் கம்பி வலை மீது பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாட்டுகிறார்கள். மடக்கினால் முறியும் இலை, அதற்குள் துணி போலத் துவண்டுவிடுகிறது. அந்த மாடியில் நின்றால் நறுக்கிய வெள்ளரிக்காயும் புது வைக்கோலும் கலந்தது போன்ற ஒரு மணம் வரும். அந்த மணத்துக்காகவே ஐம்பது ரூபாய் கொடுக்கலாம்.

கீழ்த்தளத்தில்தான் ஏமாற்றம். ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கான உருட்டு மேசை அன்று ஓடவில்லை, சி.டி.சி. வரிசை மட்டுமே ஓடியது. பிப்ரவரி கொழுந்து குறைந்த மாதம் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நுழைவுச் சீட்டு விற்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம். சி.டி.சி. என்பது நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை. அசாமின் ஆம்கூரித் தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் 1930-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இயந்திரம் அது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழல, இடையில் விழும் கொழுந்து நொடியில் கூழாகி மறுபக்கம் வெளியேறுகிறது. பச்சைக் கூழாக விழுவது நகரும் பட்டையின் மேல் பயணித்து, எங்கள் கண் முன்னாலேயே செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் இதைப் புளிக்க வைத்தல் என்றே சொல்கிறார்கள், ஆனால் மாவு புளிப்பது போல நுண்ணுயிர்கள் செய்யும் வேலை இதில் இல்லை. இலையின் செல்கள் உடைந்ததும், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த கேட்டகின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வினையால்தான். இதில் உருவாகும் தியாஃப்ளேவின் தேநீருக்குப் பொன்னிறப் பளபளப்பையும் விறுவிறுப்பையும் தருகிறது, தியாருபிஜின் சிவப்பு நிறத்தையும் அழுத்தத்தையும் தருகிறது. பிறகு சூடான காற்றில் உலர்த்தி, ஈரத்தை மூன்று சதவீத அளவுக்குக் கொண்டுவந்து வினையை நிறுத்துகிறார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது.

உலர்த்தும் அறையைத் தாண்டியதும் வழிகாட்டி இளைஞர் ஒரு தவறு செய்தார். "கிரீன் டீக்கு வேற செடி சார், இந்த ஏரியால அது கம்மி" என்றார். என்னோடு வந்தவர்களில் நான்கைந்து பேர் தலையசைத்தார்கள். திருத்தலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன், ஏனெனில் அவர் சொன்னதை, தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த கார்ல் லின்னேயஸே ஒரு காலத்தில் நம்பியவர். 1753-இல் தேயிலைக்குத் தேயா சைனென்சிஸ் என்று ஒரே பெயர் வைத்த அவர், 1762-இல் கறுப்புத் தேயிலைக்குத் தேயா போஹியா, பச்சைத் தேயிலைக்குத் தேயா விரிடிஸ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். சீனாவுக்குள் ஐரோப்பியர்கள் நுழைய முடியாத காலம் அது; செடியைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். 1840-களில் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவின் உள்பகுதிகளில் திரிந்து, ஒரே செடியின் இலையிலிருந்து இரண்டையும் செய்கிறார்கள் என்று நேரில் கண்டு எழுதிய பிறகே ஐரோப்பாவில் இந்தக் குழப்பம் தீர்ந்தது. ஜெர்மன் தாவரவியலாளர் ஓட்டோ குன்ட்சே 1887-இல் அந்தச் செடியைக் கமேலியா பேரினத்துக்கு மாற்றினார். இன்று வழங்கும் கமேலியா சைனென்சிஸ் என்ற பெயர் அப்படி வந்தது. ஆக, கடைக்கு என் முதல் பரிந்துரை, வழிகாட்டிகளுக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான். விற்கும் ஐந்து பொட்டலத்துக்கும் இதைவிடச் சுவையான விளம்பரம் கிடைக்காது.

செடியில் வேறுபாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிறிய இலையும் குளிர் தாங்கும் தன்மையும் கொண்ட சீன வகை ஒன்று. பெரிய இலை கொண்டதும், வெட்டாமல் விட்டால் பதினைந்து மீட்டருக்கு மேல் மரமாக வளர்வதுமான அசாம் வகை மற்றொன்று. நீலகிரியில் இரண்டும் கலந்த கலப்பினங்கள் நிறைய உள்ளன. தேயிலைப் பூவில் தன் மகரந்தம் தன்னிடமே சூல்கொள்வது அரிது. எனவே விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு கன்றும் தாயிலிருந்து மாறுபட்டே இருக்கும். பழைய தோட்டங்களில் பக்கத்துப் பக்கத்துப் புதர்களின் இலைகள் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டை நட்டு வேர்விடச் செய்து, ஒரே குணமுள்ள கன்றுகளைப் பெருக்குவது பிற்கால வழக்கம். தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட உபாசி-9 போன்ற ரகங்களும், கிரேக்மோர் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட சி.ஆர். 6017 ரகமும் இப்படிப் பரவியவை. பின்னது மணத்துக்குப் பெயர் பெற்றது. பொட்டலத்தின் மீது ரகத்தின் பெயரைப் போடும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. மாம்பழத்துக்கு இமாம்பசந்தா, மல்கோவாவா என்று கேட்கும் நாம் தேயிலைக்குக் கேட்பதில்லை.

தொழிற்சாலை வாசலில் கவாத்து செய்யாமல் மரமாக வளரவிட்ட ஒரு தேயிலைச் செடி இருந்தது. இரண்டு ஆள் உயரம். வெள்ளை இதழ்களும், நடுவில் குடுமி போல நிறைந்த மஞ்சள் மகரந்தத் தாள்களுமாகச் சில பூக்கள் குனிந்து தொங்கின. பலரும் அதைத் தேயிலை என்று அறியாமலே அதன் நிழலில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறு பலகை வைத்திருக்கலாம். இடுப்பு உயரத்தில் தட்டையாகப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டம் இயற்கையின் வடிவம் அன்று, நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து செய்தும், ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை கொழுந்தெடுத்தும் மனிதக் கை உண்டாக்கிய வடிவம் என்பதை அந்த ஒரு மரமே சொல்லிவிடும்.

இனி பொட்டலங்கள். சுவைத்துப் பார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டு முறையை எடுத்துக்கொண்டேன்: 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கும் நீர், ஆறு நிமிடம், வெள்ளைப் பீங்கான். தேநீர் போடுவதற்கு ஆறு பக்கத்தில் தரநிலை எழுதியதற்காக பிரிட்டிஷ் தரநிலை நிறுவனத்துக்கு 1999-இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்னும் கேலிப் பரிசு கொடுத்தார்கள். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், ஐந்து தேயிலைகளை ஒரே நிலையில் வைத்து ஒப்பிட அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இந்த முறை குடிப்பதற்கன்று, குறைகளை வெளியே இழுப்பதற்கு. அதன் பிறகு ஒவ்வொன்றையும் அதற்குப் பொருத்தமான முறையில் போட்டுக் குடித்தோம். தண்ணீர் சிறுவாணி, கோவைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். அதே ஆர்த்தடாக்ஸ் தேயிலையை எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டபோது நிறம் மங்கி, மேலே மெல்லிய ஏடு படர்ந்து, மணம் பாதியாகிவிட்டது. உப்பு நீர் உள்ள ஊர்க்காரர்கள் விலை கூடிய தேயிலை வாங்குவதற்கு முன் தண்ணீரைக் கவனிப்பது நல்லது.

டஸ்ட் தேயிலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சீரான சிறு மணிகள், நார் இல்லை, காந்தத்தைக் காட்டியபோது எதுவும் ஒட்டவில்லை, நனைத்த வடிதாளில் தூவியபோது நிறம் கசியவில்லை. சாயம் சேர்த்த தூளாக இருந்தால் தாளில் உடனே கறை படரும். இந்த இரண்டு சோதனைகளையும் யாரும் வீட்டிலேயே செய்யலாம். கொதிநீர் பட்ட நொடியில் சிவந்து இறங்கியது. பால் சேர்த்த பிறகும் நிறம் நின்றது. நம் ஊர்த் தேநீர்க் கடைகள் டஸ்ட்டையே விரும்புவதன் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. பாய்லரிலிருந்து பிடிக்கும் நீரைத் துணிப்பை வழியாக ஊற்றும் சில நொடிக்குள் முழு இலையால் தன் சாரத்தைக் கொடுக்க முடியாது, பொடியால் முடியும். பாலில் உள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால் வெறுமையாகக் குடித்தால் நாக்கை இழுக்கும் இந்தத் தேநீர், பாலில் பதமாகிவிடுகிறது. மணம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. காலை ஐந்தரை மணிக்கு மணத்தைத் தேடுபவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

ஆர்த்தடாக்ஸ் தேயிலைதான் இந்தப் பயணத்தின் பலன். பொட்டலத்தில் எஃப்.ஓ.பி., அதாவது ஃப்ளவரி ஆரஞ்சு பீக்கோ, என்று தரம் குறித்திருந்தார்கள். இதில் வரும் ஆரஞ்சு என்ற சொல்லுக்கும் பழத்துக்கும் தொடர்பில்லை. பீக்கோ என்பது அரும்பின் மேலுள்ள வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. மொத்தத்தில் அது இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் குறியீடே தவிர, சுவைக்கான சான்றிதழ் இல்லை. கம்பி போல முறுக்கேறிய கறுத்த இலைகளுக்கு இடையில் பொன்னிற அரும்புகள் ஆங்காங்கே தெரிந்தன. ஆறு நிமிடச் சோதனையில் கூடக் கசக்கவில்லை. மூன்றரை நிமிடத்தில் எடுத்தபோது தெளிந்த செம்மஞ்சள் நிறம், மல்லிகையும் எலுமிச்சைத் தோலும் நினைவுக்கு வரும் மணம், குடித்த பிறகு தொண்டையில் ஒரு குளிர்ச்சி. லினலூல், ஜெரனியால் போன்ற ஆவியாகும் பொருள்களே இந்தப் பூமணத்துக்குக் காரணம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்ந்த, வறண்ட நாள்களில் செடி மெதுவாக வளரும்போது பறித்த கொழுந்தில் அந்த மணம் தூக்கலாக இருக்கும்.

இதைத்தான் கடைகளில் ஃப்ராஸ்ட் டீ என்று விற்கிறார்கள். விற்பனையாளர் "பனி விழுந்த இலையில செஞ்சது" என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உறைபனி நேராக விழுந்த கொழுந்து கருகிப் பயனற்றுப் போகும். தோட்டக்காரர்கள் அதைக் கண்டு அஞ்சுவார்களே ஒழியக் கொண்டாட மாட்டார்கள். பனி நாள்களில், பனிக்குத் தப்பிய கொழுந்திலிருந்து செய்தது என்பதே சரி.

இன்னொரு சோதனையும் செய்தேன். டஸ்ட், ஆர்த்தடாக்ஸ் இரண்டையும் பாலின்றி வடித்து, கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் டஸ்ட் தேநீர் பால் கலந்தது போலக் கலங்கியிருந்தது. காஃபீனும் தியாஃப்ளேவினும் சேர்ந்து குளிரில் பிரிந்து நிற்பதால் வரும் கலங்கல் இது. ஆர்த்தடாக்ஸ் தேநீர் கிட்டத்தட்டக் கண்ணாடி போலத் தெளிவாகவே இருந்தது. நீலகிரித் தேயிலை குளிர்த்தேநீருக்கு உகந்தது என்று வணிகர்கள் சொல்வதை இதுவரை விளம்பரமாகவே எண்ணியிருந்தேன். கோடையில் இரண்டு எலுமிச்சைத் துண்டுகளோடு அதைக் குடித்த என் மனைவி, இனி வீட்டில் பாட்டில் குளிர்பானத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டார்.

பச்சைத் தேயிலை சுமார். வினை நடக்கும் முன்பே சூட்டால் நொதியை அழித்துவிடுவதே இதன் செய்முறை. சீனர்கள் இரும்புச் சட்டியில் வறுத்தும், ஜப்பானியர்கள் ஆவியில் காட்டியும் செய்கிறார்கள். கேட்டகின்கள் மாறாமல் அப்படியே தங்குவதால், அவை இயல்பாகவே மிகுந்த அசாம் வகைக் கலப்பு இலையில் செய்யும் பச்சைத் தேயிலை எளிதில் கசந்துவிடும். அதனால்தான் கொதிநீரைச் சற்று ஆறவிட்டு, எண்பது பாகை அளவில், இரண்டு நிமிடம் போதும் என்பார்கள். கடைக்காரரோ பொட்டலத்தின் பின்புறம் "கொதிக்கும் நீரில் 5 நிமிடம்" என்று அச்சிட்டிருக்கிறார். அந்தக் குறிப்பின்படி போட்டதை எங்களால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. என் முறையில் போட்டபோது வேகவைத்த பச்சைப்பயறு போன்ற ஒரு மென்மணத்தோடு இதமாகவே இருந்தது. பொருள் மோசமில்லை, பின்புறத்து அச்சுதான் அதைக் கெடுக்கிறது.

வெள்ளைத் தேயிலைக்கு வருகிறேன். விரியாத அரும்பை மட்டும் கையால் கிள்ளி, உருட்டாமல், நசுக்காமல், வாட்டி உலர்த்துவது. அரும்பின் மேலுள்ள வெண்மயிர் உதிராமல் இருப்பதால் வெள்ளி பூசியது போலத் தெரியும். நாள் முழுதும் பறித்தாலும் ஒருவரின் கூடையில் அடிப்பகுதி கூட நிறையாது. இன்று தோட்டங்கள் பலவற்றில் ஆள் போதாமல் கத்தரியால் கொழுந்து வெட்டுகிறார்கள். அந்த முறையில் இதைச் செய்யவே முடியாது. விலையில் பெரும்பங்கு அந்தக் கைவேலைக்கு உரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கொடுத்த 25 கிராம் பொட்டலத்தைத் தட்டில் கொட்டிப் பிரித்தபோது, முழு அரும்புகளோடு விரிந்த இலைகளும், முறிந்த துண்டுகளும், சில காம்புகளும் கிடந்தன. ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும். கிலோ 18,000 ரூபாய்க்குக் காம்பு வாங்குவது வயிற்றெரிச்சல். சுவையில் குறை சொல்ல முடியாது: இளமஞ்சள் நிறம், முலாம்பழத்தின் இனிப்பை நினைவூட்டும் மணம், துவர்ப்பே இல்லை. மூன்று முறை மீண்டும் மீண்டும் நீரூற்றியும் மணம் நின்றது. கூர்ந்து கவனித்துக் குடிப்பவருக்கு இது ஓர் அனுபவம். பேசிக்கொண்டே குடிப்பவருக்கு வெந்நீர்.

இதன் பெட்டியில் "காஃபீன் அற்றது" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காஃபீன் பூச்சிகளிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதம். எனவே மிக இளைய அரும்பிலும் முதல் இலையிலும்தான் அது செறிந்திருக்கும், முற்றிய இலையில் குறையும். நிறம் வெளிறியிருப்பதால் வீரியமும் குறைவு என்று எண்ணுவது கண் செய்யும் ஏமாற்று. தூக்கம் வராத முதியவர் ஒருவர் இந்த வரியை நம்பி இரவு எட்டு மணிக்கு இரண்டு கோப்பை குடித்தால் என்ன ஆகும்? நானே குடித்துப் பார்த்தேன். பன்னிரண்டரைக்குத்தான் கண் மூடியது.

சாக்லேட் தேயிலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொட்டலத்தைத் திறந்ததும் வீடு முழுக்க மிட்டாய்க்கடை மணம். கோப்பையில் அந்த மணம் ஒரு பக்கமும் தேநீர் ஒரு பக்கமுமாக நின்றன. பேரப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஊட்டிக்குச் சென்றவர்கள் ஊர் திரும்பும்போது அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வாங்கும் பொருள் என்ற அளவில் அது தன் கடமையைச் செய்கிறது.

விற்பனைக்கூடத்தின் சுவரில் தேயிலையின் பயன்கள் என்று ஒரு பெரிய பலகை தொங்குகிறது. சர்க்கரை நோய் தீரும், உடல் எடை பத்து நாளில் குறையும், முடி உதிர்வது நிற்கும் என்று நீளும் அந்தப் பலகையை உடனே இறக்கிவிட வேண்டும். தேயிலைக்கு உண்மையான பயன்களே போதும்: காஃபீன் தரும் விழிப்பும், தியனைன் என்னும் அமினோ அமிலம் தரும் அமைதியும் சேர்ந்து இருப்பது அதன் தனித்தன்மை. 1949-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பச்சைத் தேயிலையில் தியனைனைக் கண்டறிந்தார்கள். பர்மாவில் தேயிலையை ஊறவைத்துப் புளிக்கச் செய்து, எண்ணெயும் வறுத்த கடலையும் சேர்த்து லபெட் என்ற பெயரில் உண்கிறார்கள். தேயிலையை உணவாகவே உண்ணும் அந்த வழக்கத்தைப் பலகையில் எழுதினால் படிப்பவர் வியப்பார். எழுத வேண்டிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால், கீரையிலும் பயறுகளிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எனவே இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. கூடத்தில் நான் இருந்த நேரத்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களே. வடித்த சக்கையை நாங்கள் ரோஜாத் தொட்டிக்குப் போடுகிறோம். பாலும் சர்க்கரையும் பட்ட சக்கை எறும்பைக் கூட்டும். கழுவிப் போட வேண்டும்.

பொட்டலங்களின் கட்டுமானம் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே வெள்ளித்தாள், வெளியே கெட்டி அட்டை. ஈரமும் பிற மணமும் உள்ளே போகாது. வெள்ளைத் தேயிலையை மட்டும் கண்ணாடி மூடி வைத்த தகரப் பெட்டியில் தருகிறார்கள். பார்வைக்கு அழகு, ஆனால் வெளிச்சம் தேயிலைக்கு ஆகாது. எல்லாவற்றிலும் பொதி செய்த தேதி இருக்கிறது. கொழுந்து பறித்த மாதம் எதிலும் இல்லை. டஸ்ட்டுக்கு அது தேவையில்லை. குளிர்காலத் தேயிலை என்று சொல்லி ஏறத்தாழ நான்கு மடங்கு விலை வாங்கும் பொருளுக்கு அது கட்டாயம் வேண்டும், ஏனெனில் மழைக்கால இலையை ஜனவரியில் பொதி செய்துவிட்டால் வாங்குபவருக்கு அது தெரிய வழியே இல்லை.

விலையைப் பற்றிப் பேசும்போது, அது யாருக்குப் போகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. நீலகிரியில் தேயிலை பெருந்தோட்டங்களின் பயிர் மட்டும் இல்லை; ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் படுகர் குடும்பங்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளின் பிழைப்பும் அதுதான். அவர்களுக்காகக் குந்தாவில் 1962-இல் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது. இன்று அத்தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வ், ஊட்டி டீ என்ற பெயரில் நியாயவிலைக் கடைகளிலும் தூள் விற்கிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தரவென்றே அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அவை பின்னர் டான்டீ நிறுவனமாயின. நான் போன இடத்தில் கொழுந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, சுற்றுவட்டச் சிறு விவசாயிகளிடமிருந்து வாங்குகிறோம் என்றார்கள். கிலோவுக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்டபோது, விற்பனையாளர் சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஆர்த்தடாக்ஸ் தீர்ந்துபோனதும், பெட்டியிலிருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி மேலும் அரைக் கிலோ கேட்டேன். பறித்த மாதத்தையும் சொல்லுங்கள் என்று சேர்த்துக் கேட்டேன். அன்று மாலையே, ஜனவரி கடைசி வாரம் பறித்தது, வேண்டுமானால் தொழிற்சாலைப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று பதில் வந்தது, படமும் வந்தது. நான்காம் நாள் பொதி வந்து சேர்ந்தது. மேலட்டையில் நீல மையால் யாரோ கையால் "ஜனவரி" என்று எழுதியிருந்தார்கள்.